சமையல்கட்டில் செருப்பு

தம்பிக்கு,

பக்கத்து வீட்டு ராமலிங்கம் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்ததும் இந்த முதல் நாலு வரியை மட்டும் படி. படித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போ. மோட்டார் சுவிட்சை அணை. மேலே இருக்கிற பீஸ் கட்டையைப் பிடுங்கி அதையும் பையிலேயே போட்டுக்கொள். வசந்தி ஏன் என்று கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். அதற்குப் பிறகு உட்கார்ந்து மிச்சத்தைப் படி. இது பெரிய கடிதம். நீ ஆபீசுக்கு லேட்டாகப் போனாலும் பரவாயில்லை.

உன் வீட்டு மோட்டாரில் கரண்ட் கசிகிறது. இரும்புக் குழாய் வழியாக ஏறி அது சமையல்கட்டுக் குழாய்வரை வருகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய், சொல்கிறேன். முந்தாநாள் உங்கள் வீட்டுக்கு வந்தவள், கிளம்பும் நேரத்தில் திடீரென்று திண்டிவனம் பஜாருக்குப் போய் வசந்திக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தேனே, அடுப்பங்கரையில் இதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும் என்று சொன்னேனே, அதுவும் இதனால்தான். மாசமாக இருக்கிறவளுக்கு மாமியார் பூ வாங்கிக் கொடுப்பாள், வளையல் வாங்கிக் கொடுப்பாள், இவள் செருப்பு வாங்கிக் கொடுக்கிறாளே என்று அந்தப் பெண் சிரித்தது. "இன்னா அத்தை, ஊர்ல வீட்டுக்குள்ள செருப்பு போட்டா திட்டுவாங்க. உங்க வீட்ல எல்லாமே தலைகீழா இருக்கு. இவரும் அப்படித்தான் செருப்போட அடுப்பாண்ட வந்து நிக்கிறாரு" என்றாள். நீ பேப்பரில் இருந்து தலையைக்கூடத் தூக்காமல், "எங்கப்பா பழக்கிவுட்டது. அவரு ஒரு மாதிரி" என்றாய். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்த 'ஒரு மாதிரி' மனசை அறுத்துக்கொண்டே வந்தது. உன் அப்பா ஒரு மாதிரிதான், ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

உனக்கு உன் அக்காவின் முகம் சரியாக நினைவிருக்காது. போட்டோவில் இருக்கிற கலாவைத்தான் உனக்குத் தெரியும், அந்த இரட்டைப் பின்னலும் பயந்த கண்ணும். போட்டோ பிடிப்பவன் அதட்டினதில் வந்த பயம் அது. நிஜத்தில் அவள் ஒரு வாயாடி. மஞ்சள் காமாலை வந்து, பச்சிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் செய்து பார்த்தும் தங்கவில்லை. கடைசி நாட்களில் ஜுரம் தூக்கிப் போடும். என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். அவள் கை நடுங்குவது என் முழங்கை வரைக்கும் ஏறும். கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் உள்ளே ஒரு துடிப்பு தெரியும் பார், அந்த மாதிரி. போகும்போதும் கை என் கையில்தான் இருந்தது. நடுக்கம் நின்றதில்தான் அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு நான் சாப்பாட்டை விட்டுவிட்டேன். வீம்பு இல்லை தம்பி, வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை. உனக்குத் தலை வாருவதும் உன் அப்பாதான், சோறு ஊட்டுவதும் அவர்தான். ரயில்வே சரக்கு ஆபீசில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டு, காலையில் கேப்பைக் கூழும் கிண்டி வைத்துவிட்டுப் போவார். நான் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள், "இவ தேறமாட்டா" என்று என் காது கேட்கவே பேசிக்கொண்டார்கள்.

அப்போது விழுப்புரத்தில் நாம் குடியிருந்தது நயினார் வீட்டின் பின்கட்டில். அவர் கடலை மில் வைத்திருந்த மல்லாட்டை வியாபாரி. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், மிகவும் ஆசாரம். நயினாரம்மா கிணற்றில் கயிறு போட்டுத் தானே தண்ணீர் இறைத்து, ஒரு புழு பூச்சி சாகக்கூடாது என்று வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் அடுப்பில் ஏற்றுவார். குழாய்த் தண்ணீர் பக்கமே போகமாட்டார். ஆனால் குடித்தனக்காரர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நயினார் மில்லில் கழித்துப்போட்ட பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றில் மாட்டினார். கிணற்றில் இருந்து தொட்டிக்கும், தொட்டிக்குப் போகிற வழியில் நம் சமையல்கட்டுக் குழாய்க்கும் இரும்புக் குழாய் இழுத்தார்கள். இதெல்லாம் கலா போன அதே மாதத்தில் நடந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு காலையில் உன் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். முகமாவது கழுவலாம் என்று எழுந்து போனேன். சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது, வெறுங்கால். குழாயில் கை வைத்தேன். விரல் நுனியில் ஜிவ்வென்று ஒரு நடுக்கம் வந்து முழங்கை வரை ஏறியது. நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியாமல் இல்லை, எடுக்க மனசில்லை. அது எந்த நடுக்கம் என்று என் கைக்குத் தெரியும். அங்கேயே நின்று, "வந்துட்டியா" என்று கேட்டேன். நயினாரம்மா மோட்டாரை நிறுத்தினதும் அது போய்விட்டது. மறுநாள் காலையில் மறுபடி வந்தது.

சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் வைத்திருக்கிற ஒரே சரக்கு ஆபீஸ் கிளார்க் அவர்தான். தெருவில் யார் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டினாலும், யார் வீட்டு ஃபேன் முனகினாலும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்டவர் நான் சொன்னதை டெஸ்டரைத் தொடாமல் கேட்டார். வெளியே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தொட்டார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "ஆமா கலாம்மா. எனக்கும் தெரியுது" என்றார்.

அன்று ராத்திரி நான் உலை வைத்தேன். ரசம் வைத்துச் சாப்பிட்டேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே அவர் உனக்கு நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. வாசலில் செருப்பைப் போடமாட்டாய், தொலைத்துவிடுவாய், ஆனால் சமையல்கட்டுக்குள் செருப்பு இல்லாமல் கால் வைத்தால் முதுகில் விழும். உன் அப்பா உன்னை அடித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். நயினாரம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "அடுப்பங்கரைக்குள்ள புள்ள செருப்போட பூந்துக்கினு வர்றானே, இன்னா பழக்கம்மா இது" என்று என்னிடம் வருத்தப்பட்டார். உன் அப்பா, "அவனுக்குக் கால்ல புண்ணு வருதும்மா. ஈரம் படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு" என்று கூசாமல் சொன்னார். மோட்டாரைத் தான் மட்டும்தான் போடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். மழை நாளில் போடவே மாட்டார். மோட்டாருக்குள் கம்பி சுற்றின காயில் நனைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, கிணற்றில் இறைத்து இறைத்துத் தொட்டியை அவரே ரொப்புவார். அந்த நாட்களில் நான் முகம் செத்து உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "யாராவது ஷாக்ல மாட்டிக்கினா கையால தொடக்கூடாது. மெயினை ஆஃப் பண்ணணும். முடியலன்னா மரத்தால அடிச்சித் தள்ளணும். தெரிஞ்சி வெச்சிக்க" என்றார். எதற்கு இதெல்லாம் என்றேன். "சும்மாதான்" என்றார்.

ஐப்பசி மழையில் உன் மாமா கண்டாச்சிபுரத்தில் இருந்து வந்தான். பஸ்ஸுக்கு மேலே ஒரு மூட்டை மல்லாட்டையை ஏற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேறும் சகதியுமாக வந்து நின்றான். உன் அப்பா ஆபீசில், நீ பள்ளிக்கூடத்தில். மழை விட்டிருந்தது. நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நயினாரம்மா நல்ல மனசோடு போட்டுவிட்டிருக்கிறார். "தம்பி வந்துக்கிறான், தொட்டியில தண்ணி இல்ல, அதான் போட்டு வுட்டேன்" என்று பிற்பாடு சொல்லி அழுதார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மழையினால் எத்தனையோ நாளாக அவள் வரவில்லை. பருப்பைப் போட்டது போட்டபடி எழுந்தேன். "தோ கைகால் கழுவிக்கினு வர்றேன்க்கா" என்று உன் மாமா எனக்கு முன்னால் போய்விட்டான்.

அவன் கத்தவில்லை. கத்த முடியாது தம்பி, தாடை பூட்டிக்கொள்ளும். குழாயைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, உடம்பு வில்லாக வளைந்து நின்றான். கண் என்னைத்தான் பார்த்தது. எனக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும்? அது என் பிள்ளை, என் தம்பியை ஒன்றும் செய்யாது என்று தோன்றியிருக்கவேண்டும். அவளைக் கூப்பிட்டு விடச் சொல்லியிருக்கவேண்டும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த உட்காரும் பலகையைத் தூக்கி அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அவன் தூரப் போய் விழுந்தான். உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது, மூச்சு இருந்தது. பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். பிள்ளை என்று நம்பினவள் ஏன் பலகையைத் தேடினாள்? எனக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. மனசுக்குத் தெரியாமல் கை தெரிந்து வைத்திருக்கிறது. இத்தனை வருஷமாக என்னை விடாத விஷயம் இதுதான்.

நயினார் வீட்டு ஆள் ஓடிப்போய்ச் சொல்லி உன் அப்பா வந்தார். முதலில் உன் மாமாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பீஸ் கட்டையைப் பிடுங்கினார். அதற்கப்புறம் அவர் செய்ததைக் கவனித்துப் படி. ஒரு வீட்டில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அவர் எப்படி அலைவார் என்று உனக்குத் தெரியும். போர்டைத் திறப்பார், ஒவ்வொரு ஒயராக மோந்து பார்க்காத குறையாகப் பார்ப்பார், தனக்குத் தானே பேசிக்கொள்வார், அரைநாள் போய்விடும். அன்று அவர் தேடவே இல்லை. நேராகக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போய், புல்லை விலக்கி, அறுந்து கிடந்த எர்த் கம்பியின் முனையைக் கையில் எடுத்தார். அந்த இடத்தில் அவர் குனிந்ததைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே."

"அப்புறம் ஏன் கட்டல?"

கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "அன்னிக்குத்தான் நீ சோறு தின்ன" என்றார்.

நான் அவரைத் திட்டினேன். என் தம்பி செத்திருப்பானே என்றேன், பெற்ற பிள்ளையைச் செருப்பை நம்பி விட்டுவைத்தாயே என்று ஏக வசனத்தில் கேட்டேன். அவர் மண்வெட்டி வாங்கி வந்து குழி தோண்டினார். கரியும் உப்பும் போட்டு, தகடு வைத்து, செம்புக் கம்பி முறுக்கினார். மோட்டாருக்குக் காயில் மாற்ற ஆளும் சொல்லி அனுப்பினார். கடைசி முறுக்கு முறுக்குவதற்கு முன்னால் நிமிர்ந்து, "கட்டிட்டா நின்னுடும் கலாம்மா. கட்டவா?" என்று கேட்டார். என் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. உன் மாமா உள்ளே முனகுகிற சத்தம் கேட்டது. கட்டுங்க என்று சொல்லிவிட்டுக் குழியில் நானே தண்ணீரை ஊற்றினேன். என் பிள்ளையை நான் இரண்டாவது தடவை புதைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு குழாய் வெறும் குழாயாகிவிட்டது. ஆனாலும் உன் அப்பா உன்னைச் செருப்பை விடச் சொல்லவில்லை. அவருக்குள் அந்தப் பயம் அடங்கவே இல்லை. வெயில் காலம் வந்தால் எர்த் குழி காயக்கூடாது என்று தினமும் ஒரு குடம் ஊற்றுவார், செடிக்கு ஊற்றுவது மாதிரி. நீயும் ஊற்று. பீஸ் போனால் அதற்கென்று இருக்கிற மெல்லிய கம்பியைப் போடு. அடிக்கடி போகிறதே என்று நாலு இழை முறுக்கிப் போடுகிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம். பீஸ் போவது நல்லதுக்குத்தான், எங்கேயோ என்னவோ சரியில்லை என்று அது சொல்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டிவிக்கு ஸ்டெபிலைசர் என்று ஆகிவிட்டது. உன் வீட்டிலும் எல்லாம் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் தொட்டால் லேசாக ஜிவ்வென்கிறது, அது அப்படித்தான் என்று யார் சொன்னாலும் நம்பாதே. லேசாக இருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். அது என்றைக்கும் லேசாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மழை பெய்தால் போதும்.

உன் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் நான் கேட்டேன். எனக்காகத்தானே அதைக் கட்டாமல் விட்டீங்க, பாவம் முழுக்க என் தலையில்தானே என்றேன். அவருக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. என் காதைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். "உனக்காக மட்டும் இல்ல. ஞாயித்துக்கிழமை நீ மார்க்கெட் போனப்புறம், புள்ளைய வெளிய வுட்டுட்டு, நானும் மோட்டாரைப் போட்டுக்கினு நிப்பேன். கரண்டுதான்னு தெரியும். தெரிஞ்சிதான் நின்னேன்" என்றார். இருவரும் ஒரே குழாயை ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். சேர்ந்து ஒருநாள் உட்கார்ந்து அழுதிருந்தால் உன் மாமாவின் கை வெந்திருக்காது.

இனி முந்தாநாள் விஷயம். நான் வந்த கொஞ்ச நேரத்தில் வசந்தி, "அத்தை குளிக்கணும், தண்ணி ஏத்துறேன்" என்று மோட்டாரைப் போட்டது. காபித் தம்ளரைக் கழுவ நான் சமையல்கட்டுக்குப் போனேன். வெறுங்காலோடுதான் போனேன். குழாயில் கை வைத்ததும் விரல் நுனியில் அது வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, வேறு ஊரில், வேறு வீட்டில், அதே நடுக்கம் முழங்கை வரைக்கும் ஏறியது. எல்லாம் தெரிந்த கிழவி நான். காயில் தெரியும், எர்த் தெரியும், உன் மாமாவின் கண் தெரியும். ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை தம்பி. வசந்தி, "அத்தை, இன்னா பண்றீங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எடுத்தேன். வெளியே வந்து மோட்டாரை நிறுத்தினேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எர்த் கம்பியைப் பாதியில் வெட்டி, அந்தத் துண்டில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்கள், உனக்கு முன்னால் குடியிருந்த புண்ணியவான்கள்.

அப்போதே உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாகப் பஜாருக்குப் போய்ச் செருப்பு வாங்கி வந்தேன். மோட்டாரை நீதான் போடவேண்டும், தான் அந்தப் பக்கம் போவதில்லை என்று வசந்தியிடம் சத்தியம் வாங்கினேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் நான் யார் செய்ததைச் செய்திருக்கிறேன் என்று விளங்கியது. வசந்தி நல்ல பெண், சொன்னால் கேட்கும். நயினாரம்மாவும் நல்லவர்தான். யாராவது விருந்தாளி வந்தால் நல்ல மனசோடு ஒரு தடவை போட்டுவிடுவார்கள். இன்னும் சில மாதத்தில் அந்தத் தரையில் ஒரு பிள்ளை தவழும். அதனால்தான் தபாலை நம்பாமல் ராமலிங்கத்தைக் காலை ரயிலில் அனுப்புகிறேன்.

இன்றைக்கே ஆளைக் கூப்பிடு. புதுக் குழி தோண்டச் சொல், மோட்டாரைக் கழற்றிக் காயில் பார்க்கச் சொல், நீ பக்கத்திலேயே நின்று பார். வளைகாப்புக்கு நான் வரவேண்டும், வசந்திக்கு வளையல் அடுக்கவேண்டும், எனக்கும் ஆசைதான். வேலை முடிந்துவிட்டது என்று ஒரு கார்டு போடு, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். அது முடிகிறவரைக்கும் என்னை உன் வீட்டுக்குக் கூப்பிடாதே. வந்தேன் என்றால், மோட்டாரை ஒரு தடவை போடச் சொல்லி உன்னிடம் கேட்பேன்.

அம்மா